மயிரிழை தரும் சான்று

திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் மழிக்கப்படும் தலைமுடியில், அதைச் சுமந்தவரின் பல மாத வரலாறு பதிந்திருக்கிறது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. வேர்க்காலுக்குக் குருதி கொண்டுவரும் வேதிப்பொருள்கள் வளரும் இழையில் தங்கிவிடுகின்றன. எனவே, வேரிலிருந்து 12 செ.மீ. தள்ளியுள்ள பகுதி ஓராண்டுக்கு முந்தையது.

நஞ்சு தேடும் பணி நம் மண்ணுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் வட்டார ஆய்வகம் கொண்டுள்ள தமிழகத் தடய அறிவியல் துறைக்கு, சென்னையில் 1849இல் தோன்றிய வேதியியல் ஆய்வாளர் துறையே முன்னோடி.

ஆயினும், சில பொருள்கள் ஆய்வாளரையே திகைக்க வைப்பவை. காமா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலம் அத்தகையது. பிறரறியாமல் பானத்தில் கலக்கப்படும் இம்மயக்கமருந்து, சிறுநீரிலிருந்தும் ஏறத்தாழ 12 மணிநேரத்தில் மறைந்துவிடும். எஞ்சும் சான்று முடிதான். ஆனால், இதே பொருளை மனித உடலும் சிறிதளவு தானே உண்டாக்குகிறது! எவர் முடியிலும் அது இருக்கும். இருப்பதனாலேயே குற்றம் நிகழ்ந்ததாகக் கூறவியலாது.

ஆய்வாளர் என் செய்வார்? ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருப்பார். வேரையொட்டிய பகுதியில் வியர்வையாலும் அளவு கூடுமாதலின், உரிய பகுதி வளர்ந்து விலக வேண்டும். பின்னர் இழையை 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, நிறைநிறமாலைமானியால் தனித்தனியே அளப்பார். துண்டுகள் யாவும் ஒத்திருப்பின் அஃது உடலின் இயல்பு. நிகழ்வு நாளுக்குரிய துண்டில் மட்டும் அளவு உயர்ந்திருப்பின், மருந்து வெளியிலிருந்து வந்தது. பிறரது சராசரியன்று, அவரவர் முடியே அவரவர்க்கு அளவுகோல். ஒரேமுறை தரப்பட்ட மருந்தையும் இவ்வாறு காட்டவியலும் என 2003இல் பிரான்சின் பாஸ்கல் கிண்ட்ஸ் குழுவினர் வெளியிட்டனர்.

அந்த ஒரு மாதத்திற்குள் நேர்த்திக்கடனுக்காக முடியிறக்கிவிட்டால், சான்றும் முடியோடு போய்விடும்.