தொண்டைக் கடற்கரையும் சீனத்துத் தூதும்

தூது என்றவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது தலைவி தலைவனுக்கு விடும் தூதேயாகும். அன்னமும் மேகமும் கிளியும் நெஞ்சும் தூது செல்லும் சிற்றிலக்கிய வகை நமக்கு நன்கு பழகியது. ஆயின் தூது என்னும் சொல்லின் மூத்த பொருள் அரசியல் பற்றியது. தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தூதினைத் தொல்காப்பியம் வைத்துள்ளது. திருவள்ளுவரும் பொருட்பாலில் அமைச்சியலின்கண் 69ஆம் அதிகாரத்தை இதற்கே ஒதுக்கினார். அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு புகழ்வார்போல் பழித்த புறநானூற்றுப் பாடல் நாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துவதொன்று. அத்தூது வந்து சேர்ந்த நாடு நம் செங்கற்பட்டை உள்ளடக்கிய தொண்டை நாடு என்பதனை மட்டும் நாம் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

அந்நாட்டிலிருந்து கடல் கடந்து போன தூது ஒன்றைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கி.பி. 640ஐ ஒட்டி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். அவர் துறவி, அரசத் தூதர் அல்லர். அரசு முறையிலான தூது அதற்குப் பிந்தியது. தாங் மரபினரின் வரலாற்று நூல்கள் கி.பி. 720ஆம் ஆண்டின்கீழ்த் தென்னிந்திய அரசன் ஒருவனின் தூதினைப் பதிவு செய்துள்ளன. சீன ஒலிப்பில் சிதைந்து காணப்படினும் அவன் பெயர் 'ஸ்ரீ நரசிம்ம போத்தவர்மன்' என்பதே. இவன் இரண்டாம் நரசிம்மவர்மன்; மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எடுப்பித்த இராசசிம்மன்.

அத்தூதர் பேரரசர் சுவான்சோங்கிற்குக் கையுறையாகக் கொண்டு சென்றவற்றுள் ஐந்நிறம் உடைய பேசும் கிளி ஒன்று இருந்தது. நம் புலவர் கிளியைத் தூது விட்டனர். இங்கோ தூதன் கிளியைச் சுமந்து போயினான்! கிளி சீனம் பேசிற்றா, வடமொழி பேசிற்றா என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நகைத்தோம்; ஆயின் அக்கேள்வி வீண் கேள்வியன்று. எவர் மொழியில் எவர் பேசினார், இடைநின்று மொழிபெயர்த்தவர் யார் என்பது தூதின் உயிர்நாடியாகும்.

கிளியோடு ஒரு வேண்டுகோளும் சென்றது. தன் யானைப் படையையும் குதிரைப் படையையும் கொண்டு அராபியரையும் திபெத்தியரையும் ஒறுக்க விழைவதாகவும், தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தருமாறும் பல்லவன் கேட்டான். பேரரசர் மகிழ்ந்து, 'நற்பண்பைப் போற்றும் படை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே சீன நாட்டின் பொருட்டுப் பல்லவன் ஒரு கோயில் எடுத்து அதற்குப் பெயர்ப்பலகை வேண்டினான். அதுவும் எழுதித் தரப்பெற்றது. தூதருக்குப் பட்டாடையும் பொற்கச்சையும் மீன் வடிவப் பையும் வழங்கினர். மீன்பை என்பது அவ்வரசவையில் உயர் அலுவலர் இடையில் அணிந்த பதவி அடையாளமாகும். பின்னர்ப் பல்லவனைத் தென்னிந்திய வேந்தன் என ஏற்கும் பட்டயத்தோடு சீனத் தூதரும் புறப்பட்டார். அக்கோயில் எங்கு இருந்தது என்பதனை நூல்கள் கூறவில்லை. நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்ற சீனக் கோபுரத்தோடு இதனை இணைப்போர் உளர். அதற்குச் சான்று போதாது என்பதே நம் கருத்து.

அராபியருக்கு எதிராக என்ற தொடரைப் படித்தவுடன், முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரியில் பாடம் சொல்லும் நம்மிடம் மாணவர் சிலர் சற்றுத் தயங்கியே விளக்கம் கேட்பர். மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. கி.பி. 712 அளவில் முகம்மது பின் காசிம் சிந்துவை வென்றது உண்மை. ஆயின் அப்படை காஞ்சியை நெருங்கியதில்லை. பல்லவர்க்கு வாயிற்படியில் நின்ற பகைவர் வாதாபிச் சாளுக்கியரே. அவர்களைப் பற்றி அவ்வேண்டுகோளில் ஒரு சொல்லும் இல்லை. அராபியரும் திபெத்தியரும் தாங் அரசின் மேற்கெல்லைக் கவலைகள். பல்லவத் தூதன் தன் பகையைப் பேசாமல், கேட்போர் உள்ளத்துக் கவலையைப் பேசியிருக்கிறான். காலம் இடம் அறிந்து, கேட்போர் உவக்கச் சொல்பவனே தூதன் என்று வள்ளுவர் வகுத்த நெறிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அவன் உண்மையில் வேண்டியது போரன்று. பெயரும் ஏற்பும் கடல்வழியுமே என்று நாம் கொள்கின்றோம். இமயத்துக்கு அப்பால் பல்லவ யானைகள் போனதாக எந்த நூலும் கூறவில்லை.

மூன்று நூற்றாண்டு கழித்துக் காட்சி மாறுகிறது. சோழன் முதலாம் இராசராசன் விடுத்த தூது 1015இல் சுங் அரசவையை அடைந்தது. ஐம்பத்திருவர் கொண்ட குழு அது. முத்தும் யானைத் தந்தமும் குங்கிலியமும் சுமந்து, தம் நாட்டிலிருந்து புறப்பட்ட 1150ஆம் நாளில் சீனத் துறைமுகம் சேர்ந்ததாகப் பதிவு உள்ளது. மூன்றாண்டுக்கும் மேற்பட்ட பயணம்! அவர்கள் பேரரசர்முன் நின்று தம் வேந்தன் பெருமையை எடுத்துரைத்தபோது அவ்வேந்தன் உயிரோடு இல்லை. 1014இலேயே இராசராசன் மறைந்துவிட்டான். இறந்தவன் சார்பில் வாழ்த்துரைக்கின்றோம் என்பது அத்தூதர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அக்குழுவின் துணைத்தூதர் பெயரும், 1033இல் இராசேந்திரன் விடுத்த குழுவின் தலைமைத் தூதர் பெயரும் 'பு' என்று தொடங்குகின்றன. 'அபூ' என்னும் அரபுச் சொல்லின் சீன வடிவம் அது என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. அஃதாயின், அராபியரை ஒறுப்பதாகப் பல்லவன் சொல்லியனுப்பிய அதே நாட்டுக்குச் சோழனின் சொல்லை ஏந்திச் சென்றவர் அராபிய வழியினராதல் வேண்டும். கடல் அறிந்தவர், மொழி அறிந்தவர், நம்பத்தக்கவர் எனத் தேர்ந்தபோது சோழ அரசு வேறெதனையும் கேட்கவில்லை. 1033இல் வந்த அத்தூதர் வெள்ளித் தட்டில் முத்துகளை ஏந்திச் சென்று அரியணை அடியில் மண்டியிட்டுத் தூவினார் என்பது சீனர் எழுதி வைத்த காட்சி. 1077இல் வந்த குழு 81,800 கோவைச் செப்புக்காசுகளை மறுகையுறையாகப் பெற்றது. இவற்றையெல்லாம் சீனர் 'திறை' என்றே எழுதினர். பெற்றது கொடுத்ததனினும் குறைவில்லையாயின், இதனை வாணிகம் என்று சொல்வதே பொருந்தும்.

தூது இருதலையானது, எழுத்துச் சான்றோ ஒருதலையாகவே நிற்கிறது. கற்பாக்கத்தை அடுத்த வயலூர்க் கோயில் தூணில் இராசசிம்மன் தன் முன்னோரை நீளப் பட்டியலிட்டுள்ளான். அதில் சீனம் இல்லை. தமிழிலேயே அத்தகைய ஆவணம் காண வேண்டுமாயின் இலங்கை செல்லுதல் வேண்டும். சீன முஸ்லிம் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த, 1409 என நாளிட்ட காலிக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரிய காணிக்கைகளைக் கூறும். 1911இல் காலி நகரில் ஒரு வடிகாலின் மூடுகல்லாக முகம் குப்புறக் கிடந்த அதனைக் கண்டெடுத்தனர்.

பிற்காலச் செய்தியைச் சுருங்கச் சொல்வோம். 1950இல் மக்கள் சீனத்தோடு இந்தியா தூதுறவு கொண்டது, கே.எம். பணிக்கர் முதல் தூதர். 1961இல் தமிழரான ஜி. பார்த்தசாரதி திருப்பியழைக்கப்பட்ட பின்பு 15 ஆண்டுகள் தூதர் இருக்கை வெறுமையாய் இருந்தது. 1976இல் அதனை நிரப்பியவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன். 2019 அக்டோபர் 11, 12 நாள்களில் இருநாட்டுத் தலைவரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது அர்ச்சுனன் தபசின்முன்னும் கடற்கரைக் கோயிலிலும் நின்றனர். அடுத்த ஆண்டே கல்வான் பள்ளத்தாக்கில் குருதி சிந்தியது.

மாணவருடன் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும்போதெல்லாம் கடற்கரைக் கோயிலின் கல்வெட்டுகளைக் காட்டுவது நம் வழக்கம். எடுப்பித்தவன் இராசசிம்மன், அங்கே பொறித்தவன் இராசராசன். அவனது 25, 26ஆம் ஆட்சியாண்டுக்குரிய கல்வெட்டுகள் அவை. சீனத் தூது புறப்படுவதற்குச் சற்று முந்திய காலம். ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரத்தார் தம் நிலத்தைப் பங்கு வகுத்துக்கொண்ட செய்தியை அவற்றுள் ஒன்று விரிவாகக் கூறுகிறது. எப்பங்கு எவர்க்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. கப்பலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.