கனரக வாகனங்களில் டிஸ்க் பிரேக் பராமரிப்பு

கண்டாலாவிலிருந்து கோப்போலிக்கு இறங்கும் போர் கணவாய்ச் சரிவில் பாரம் ஏற்றிய லாரியின் பிரேக்குகள் கடுமையாகச் சூடேறுகின்றன. அவை அனைத்தும் சமமாக உழைத்தால்தான் வண்டி கட்டுக்குள் நிற்கும். ஆயினும், பட்டறைகள் பலவற்றில் பேடுகளை மாற்றுவதே முழுப் பராமரிப்பு எனக் கருதப்படுகிறது. இது போதாது.

காற்றழுத்த டிஸ்க் பிரேக்கில், ஓட்டுநர் பெடலை மிதித்ததும் அழுத்தக் காற்று பிரேக் சேம்பரின் தண்டைத் தள்ளுகிறது. உட்புறப் பேடு முதலில் தட்டின்மேல் அழுந்துகிறது. அதன் எதிர்விசையால் காலிபர் தன் வழிகாட்டும் பின்களின்மீது நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் தட்டோடு சேர்க்கிறது. பின்களைக் காக்கும் ரப்பர் உறை கிழிந்தால் நீரும் தூசியும் புகுந்து துருப்பிடிக்கும், காலிபர் இறுகிவிடும். அப்போது ஒரு பேடு மட்டும் விரைந்து தேய்வதுடன், அச்சக்கரத்தின் பிரேக் விசையும் குறையும். புதிய பேடுகள் இக்குறையை நீக்கமாட்டா.

பணியைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுதல் வேண்டும். நிறுத்த பிரேக்கில் காற்று நீங்கினால் சுருள்வில்லே பிரேக்கைப் பிடிக்கிறது. எனவே அதை விடுவித்த நிலையிலேயே காலிபரைச் சோதிக்க வேண்டும். அழுத்தப்பட்ட வில் உள்ள சேம்பரை ஒருபோதும் பிரிக்கலாகாது. உயிருக்கே ஆபத்து நேரும்.

சக்கரத்தைக் கழற்றியபின் காலிபரைக் கையால் முன்பின் நகர்த்திப் பார்க்க வேண்டும். அது எளிதில் நகராவிடில் பின்களையும் உறைகளையும் மாற்றுவதே முறை. பேடின் உராய்வுப் பகுதி பொதுவாக 2 மி.மீ. அளவிற்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் ஒருசேர மாற்றுவது அவசியம். தட்டின் தடிமனை அளந்து, உற்பத்தியாளர் குறித்த குறைந்தபட்ச அளவுடன் ஒப்பிட வேண்டும். விளிம்புவரை ஓடிய வெடிப்பு உள்ள தட்டை நீக்கிவிட வேண்டும். பிரேக் தூசியை அழுத்தக் காற்றால் ஊதக்கூடாது. அது நுரையீரலுக்குக் கேடு.

இடைவெளி சரிப்படுத்தும் திருகைக் கைக்கருவியால் மட்டுமே திருப்புதல் வேண்டும். விசைக்கருவி அதன் உட்பாகங்களை உடைத்துவிடும். பணி முடிந்ததும் பெடலைப் பலமுறை மிதித்து, சக்கரம் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓர் உறையின் விலை சிறிது. அதைப் புறக்கணிப்பதன் விலையை மலைச்சாலையில் செலுத்த நேரும். பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்களைச் சோதிப்பது பட்டறைகளில் வழக்கமாதல் வேண்டும்.