தொண்ணூறும் எண்பத்திரண்டும்: ஆசிரியர் தகுதித் தேர்வின் தேர்ச்சி எல்லை

இளங்கலைத் தமிழ் முடித்துக் கல்வியியல் பட்டமும் பெற்ற மாணவர், அரசுப் பள்ளியில் பட்டதாரி உதவியாசிரியராக விழைவாராயின், அவர் கடக்க வேண்டிய வாயில் ஆசிரியர் தகுதித் தேர்வாகும். அவ்வாயிலின் உயரம் எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதை ஈண்டு நோக்குவோம்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் இத்தேர்வை ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக்கியது. 150 வினாக்கள், வினாவுக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவில்லை. 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண், தேர்ச்சி என 2011 பிப்ரவரி நெறிமுறைகள் வகுத்தன. இட ஒதுக்கீட்டுக் கொள்கைக்கேற்பப் பின்தங்கிய பிரிவினர்க்கும் மாற்றுத் திறனாளிகட்கும் சலுகை தரலாம் என்ற வாசகமும் அவற்றிலேயே இருந்தது. பின்னாளில் எழுந்த வழக்குகள் பலவற்றிற்கும் அவ்வொரு வாசகமே கரு.

தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் 2,448 பேர். இதனைக் கொண்டு ஆசிரியர் தரத்தையே பழித்தவர்கள் பலர். ஆனால் அன்று 150 வினாக்களுக்கு அளிக்கப்பட்ட காலம் ஒன்றரை மணி நேரமே. அக்டோபர் மறுதேர்வில் அது மூன்று மணியாயிற்று. தேர்ச்சி எண்ணிக்கையும் பன்மடங்கு உயர்ந்தது. இரண்டிலும் எல்லை அதே 90தான். எனவே மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஒருவரது புலமையை அளந்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது என்பதே எம் கருத்து.

2014 பிப்ரவரியில் தமிழக அரசு ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு ஐந்து விழுக்காடு தளர்த்தியது. 150இல் 55 விழுக்காடு 82.5 ஆகும். அரை மதிப்பெண் என ஒன்று இத்தேர்வில் இல்லையாதலின் 82 என நிர்ணயிக்கப்பட்டது. அவ்வரசாணையை மதுரைக் கிளை அவ்வாண்டே நீக்கியது. உச்சநீதிமன்றம் 2016 நவம்பர் 9 அன்று செல்லுமெனத் தீர்த்தது. இடைப்பட்ட ஈராண்டுகளில் 82க்கும் 89க்கும் நடுவில் நின்றோரின் மனநிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

தேர்ச்சி ஒன்று, நியமனம் வேறு. இதனை மாணவர் பலர் மயங்குகின்றனர். 2012ஆம் ஆண்டின் நியமன முறையில் 90 பெற்றவர்க்கும் 104 பெற்றவர்க்கும் தகுதித் தேர்வின் பங்காக ஒரே 42 புள்ளிகள் தரப்பட்டன. 105 பெற்றவர்க்கோ 48. ஒரு மதிப்பெண் ஆறு புள்ளிகளாக மாறிய இவ்விந்தை 2014இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, பெற்ற விழுக்காட்டிற்கேற்பப் புள்ளி வழங்கும் முறை வந்தது. 2018இல் நியமனத்திற்கெனத் தனிப் போட்டித் தேர்வே வேண்டும் என அரசு ஆணையிட்டது.

தமிழ் மாணவர் கருத்தில் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளில் தமிழுக்கு 30 மதிப்பெண்ணே. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60, கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியலுக்குரியது. தமிழில் 25, பிற இரண்டிலும் தலா 18 பெறுபவர் 61ஐ எட்டுவார். 90ஐத் தொட 29ம், 82ஐத் தொட 21ம் அவ்வறுபதிலிருந்தே வரவேண்டும். பகுதிதோறும் தனித் தேர்ச்சி கேட்கப்படுவதில்லை, கூட்டுத்தொகையே கணக்கு. ஆகவே இலக்கணத்தில் நிகரற்றவரும் ஆறாம் வகுப்பு முதலான வரலாறு, புவியியல் பாடநூல்களைப் புரட்டாது தேர்வறைக்குச் செல்லலாகாது. தமிழ் பயிற்றுவிப்பவரைத் தமிழால் ஐந்தில் ஒரு பங்கே அளப்பது முறையோ என்ற வினா நியாயமானதே; அதனை எழுப்பிக்கொண்டே பாடநூலையும் படிக்க வேண்டியுள்ளது.

சிறுபான்மைப் பள்ளிகளில் பணிபுரிவோர்க்கு இத்தேர்வு கட்டாயமா என்பதும் நம் பெரியோர் கேட்பதுண்டு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம், ஏனைய பள்ளிகளில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியரும் ஈராண்டிற்குள் தேற வேண்டும் என்றது. சிறுபான்மை நிறுவனங்களைப் பற்றிய வினாவைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அரசுப் பள்ளிப் பணியை நாடுவோர்க்கு அவ்வினா பொருந்தாது. எந்தக் கல்லூரியில் பயின்றவராயினும் அவர்கள் இத்தேர்வை எழுதியே ஆகவேண்டும்.