கைகள் கூறும் கதை

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆலயத்தில் உள்ள சுரூபங்களைப் பெயர்ப்பலகை இல்லாமலே நாம் அறிந்துகொள்கிறோம் அல்லவா? திறவுகோல் ஏந்தியவர் புனித இராயப்பர். குழந்தை இயேசுவையும் லீலி மலரையும் தாங்கியவர் புனித அந்தோணியார். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்திருப்பவர் குழந்தை தெரேசம்மாள். முகத்தைவிடக் கைகளே அவர்தம் வாழ்வை நமக்கு உணர்த்துகின்றன. மதுரை வட்டாரத்திற்குப் பெருமை சேர்த்த மங்கையர் நால்வரின் படங்களைத் தீட்ட முனைந்தபோது, எங்கள் வகுப்பினரும் இம்முறையையே மேற்கொண்டோம்.

முதலில் வரையும் முறையைக் கூறுகிறேன். சிறிய படத்தின் மேல் அரை அங்குலக் கட்டங்களும், வரைதாளில் மூன்று அங்குலக் கட்டங்களும் போட வேண்டும். பின்பு ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோடுகளை அப்படியே பெரிதாக்கினால், படம் ஆறு மடங்கு உயரமாக அமையும். இவ்வாறு முகங்களை வரைவது எளிதாயிற்று. ஆனால் கையில் எதைக் கொடுப்பது?

1689 முதல் தம் பேரனுக்காக மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், வழிப்போக்கருக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். எனவே அவர் கையில் மரக்கன்று ஒன்றைக் கொடுத்தோம். 1916-இல் மதுரையில் பிறந்து, 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடி, 1998-இல் பாரத ரத்னா விருது பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமிக்குத் தம்பூரா. டாக்டர் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தும் மனம் தளராது தில்லியில் மருத்துவம் பயின்றவர். பின்னர் ஜி. இராமச்சந்திரனை மணந்து, அவருடன் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். அவருக்கு ஸ்டெதாஸ்கோப்.

நான்காமவர் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையார். வயல் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைவியாக நின்று நியாயமான கூலி பேசியவர். களஞ்சியம் என்னும் சேமிப்புக் குழுக்களில் ஏழைப் பெண்களை ஒன்று திரட்டியவர். இக்குழுவில் ஒவ்வொருவரும் சிறு தொகை சேமிப்பர். தேவைப்படுபவர் அதிலிருந்தே கடன் பெறுவர். வட்டியும் குழுவுக்கே சேருவதால், கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டு புதுதில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

அவர் கையில் எதை வரைவது? "கணக்கேடு" என்றனர் சிலர். ஆனால் அவர் எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர்; ஏட்டைக் கொடுத்தால் படம் பொய் பேசும். எழுத்தறியாதவரின் படம் பள்ளிச் சுவரில் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. "அரிவாள்" என்றாள் ஒருத்தி. அரிவாள் பிடிக்கும் கைகள் ஆயிரம் உண்டே! "விருதையே கொடுப்போம்" என்றாள் மற்றொருத்தி. அப்போது ஓவிய ஆசிரியை, "விருது பிறர் அவருக்குக் கொடுத்தது. அவர் பிறருக்குக் கொடுத்தது என்ன?" என்று வினவினார்.

வகுப்பு அமைதியாயிற்று. அவர் கொடுத்தது துணிவு. ஒருவரையொருவர் நம்பும் ஒற்றுமை. ஆகவே அவர் கைகளில் பொருள் எதையும் வைக்காமல், இருபுறமும் அமர்ந்த பெண்களின் கைகளைப் பற்றியிருப்பதாக வரைந்தோம். பள்ளித் தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டியின் கைகளைப் பார்த்தே அந்தக் காய்ப்புகளையும் சுருக்கங்களையும் தீட்டினோம். நால்வரின் படங்களும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இடம் பெற்றன.

கல்வி பெருஞ்செல்வம், அதனை அடையும் பேறு நமக்குக் கிட்டியுள்ளது. அப்பேறு கிட்டாதவரின் அறிவையும் உழைப்பையும் மதிக்கக் கற்பதும் கல்வியே ஆகும். தோழியரே, உங்கள் தெருவிலும் இத்தகைய பெண்மணி ஒருவர் இருப்பார். அவர் கைகளை உற்று நோக்குங்கள். பிறகு தூரிகையை எடுங்கள். நாளை நம்மை ஒருவர் வரைய முற்பட்டால், நம் கைகளிலும் ஏதேனும் நற்பணி இருக்குமாறு வாழ முயல்வோமாக!