அன்றாடத்தை எழுதும் இளம் ஸ்பானிய ஆசிரியருக்கு

தமிழ் மாணவர்களுக்கென ஸ்பானிய மொழிப் பாடநூல் ஒன்றை எழுதிவரும் இளம் ஆசிரியர் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்த பாடம், காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவில் படுப்பது வரையிலான ஒரு நாளை விவரிப்பதாகும். வினைமுற்றுகளின் அட்டவணையும், மே, தே, சே, நோஸ், ஓஸ், சே என்னும் தற்சுட்டுப் பெயர்களின் வரிசையும், அதாவது வினையைச் செய்பவரையே திரும்பச் சுட்டும் சிறு சொற்களின் வரிசையும், அதில் பிழையின்றி அமைந்திருப்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. பேச வேண்டியது, 'மே லெவாந்தோ' என்ற தொடருக்கு அப்பாடம் தரும் விளக்கத்தைப் பற்றியே.

'நான் என்னையே எழுப்பிக்கொள்கிறேன்' என்பது அவ்விளக்கம். தமிழ் பேசும் எவரும் காலையில் எழுவதை இப்படிச் சொல்வதில்லை. ஸ்பானியம் பேசுபவரும் அத்தொடரைச் சொல்லும்போது தம்மை இரண்டு ஆட்களாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆங்கில வழியில் ஸ்பானியம் கற்பிக்கும் நூல்களின் பழக்கம் தமிழ்ச் சொற்களை அணிந்து வந்திருக்கிறது, அவ்வளவே. தமிழ் மாணவருக்கோ இதைவிட நேரான வழி பள்ளிப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. 'எழுந்தான்' என்பது தன்வினை, 'எழுப்பினான்' என்பது பிறவினை என்று அவர் கற்றிருக்கிறார். தமிழ் தன்வினையிலிருந்து பிறவினையை உருவாக்கும் இடத்தில், ஸ்பானியம் பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்து, பிறவினையை அடிப்படையாக வைத்துக்கொண்டு அதனுடன் 'சே'யைச் சேர்த்துத் தன்வினையாக்குகிறது. 'லெவந்தார்' என்றால் தூக்குதல், எழுப்புதல்; 'லெவந்தார்சே' என்றால் எழுதல். 'அகோஸ்தார்' என்றால் ஒருவரைப் படுக்க வைத்தல். 'அகோஸ்தார்சே' என்றால் படுத்தல். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பெய்யோ, 1847ஆம் ஆண்டு வெளியிட்ட இலக்கண நூலிலேயே, வடிவில் மட்டும் தற்சுட்டாக இருந்து பொருளில் அவ்வாறு இல்லாத இவ்வகைத் தொடர்களுக்குத் தனிப்பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டார். கழுவுதல், சீவுதல், உடுத்துதல் போன்ற வினைகளில் செய்பவரும் செய்யப்படுபவரும் ஒருவரே என்ற விளக்கம் பொருந்தும் என்பது உண்மைதான். அதை எழுதலுக்கும் படுத்தலுக்கும் உறங்கிப்போதலுக்கும் நீட்டியதுதான் தவறு.

இத்தவறு நேர்ந்ததற்கு ஒரு காரணம், அப்பாடத்து வீட்டில் ஒரே ஒரு ஆள் வசிப்பது. அவர் எழுகிறார், குளிக்கிறார், உடுத்துகிறார், படுக்கிறார். அவரைத் தவிர அங்கே எவருமில்லை. எதிரில் 'சே' இல்லாத வினை நிற்காதபோது, 'சே' எதைச் செய்கிறது என்பது மாணவருக்கு எப்படித் தெரியும்? அன்றாடப் பாடத்தில் குறைந்தது ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். தாய் விழிக்கிறாள், பிறகு குழந்தையை எழுப்புகிறாள். குழந்தைக்கு உடுத்திவிடுகிறாள், தானும் உடுத்துகிறாள். இரவில் குழந்தையைப் படுக்க வைத்த பின்னரே அவள் படுக்கிறாள். இந்த ஆறு வாக்கியங்களை ஸ்பானியத்தில் எழுதினால், அட்டவணை விளக்காததை அவை விளக்கிவிடும்.

ஆங்கில வழியைத் தவிர வேறு வழியே இல்லாத காலமும் இருந்தது. இக்கடிதத்தை எழுதுபவரின் தலைமுறை, கடல் கடந்து வந்த பழைய ஆங்கில நூல்களை வரிக்கு வரி தமிழாக்கியே ஸ்பானியம் பயின்றது. அக்காலத்தில் வகுப்பெடுத்த ஸ்பானிய ஆசிரியை ஒருவர், நூல்களை மூடச் சொல்லிவிட்டு, முதல் வரிசை மாணவர் ஒருவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து 'லோ சியென்தோ' என்பார். பின்னர் எதிர் நாற்காலியில் தாம் உட்கார்ந்து 'மே சியென்தோ' என்பார். மொழிபெயர்ப்பு எதுவும் தரமாட்டார், எவரும் கேட்டதுமில்லை. அவ்வகுப்பில் இருந்தவர்களுக்கு 'சென்தார்', 'சென்தார்சே' என்ற இணை பின்னர் ஒருபோதும் குழம்பியதில்லை.

இரண்டாவது குறை, 'யோ மே லாவோ மிஸ் மானோஸ்' என்ற வாக்கியத்தில் உள்ளது. இதைப் படிக்கும்போது எழுந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. 'மிஸ்' என்பது 'என்னுடைய' என்னும் உடைமைச் சொல். கைகள் யாருடையவை என்பதை 'மே' முன்பே சொல்லிவிட்டதால், ஸ்பானியத்தில் 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்பதே இயல்பு. 'லாஸ்' பெயருக்கு முன்வரும் பொதுச் சுட்டு மட்டுமே. தமிழிலும் 'கை கழுவினேன்' என்றால் போதும், எவர் கை என்று எவரும் கேட்பதில்லை. 'யோ', அதாவது 'நான்', வாக்கியந்தோறும் திரும்ப வருவதும் இதே போன்றதுதான். வினைவிகுதியே எழுவாயைக் காட்டிவிடும் இரு மொழிகளுக்கு இடையில், அவ்வசதி இல்லாத மூன்றாவது மொழி ஒன்று ஏன் நுழைய வேண்டும்? குழந்தையின் கையைத் தாய் கழுவிவிடும்போதும் இதே அமைப்புத்தான் தொடர்கிறது: 'லே லாவா லாஸ் மானோஸ்'. இதில் வரும் 'லே' அவனுக்கு, அவளுக்கு என்று பொருள்படும். கைகளையும் 'லாஸ்' என்ற சுட்டுப்பெயராக்கினால் 'சே லாஸ் லாவா' என்று ஆகி, தாய் கழுவுவது தன் கைகளையா, குழந்தையின் கைகளையா என்பதை முன்பின் வாக்கியங்களே சொல்ல வேண்டிவரும். இடைக்கால ஸ்பானியத்தில் பின்னதற்கு 'ஜே' என்ற வேறு சொல் இருந்தது. பின்னர் அது 'சே'யோடு கலந்துவிட்டது. இவ்வரலாறு தொடக்க நிலை மாணவருக்குத் தேவையில்லை, ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளியலுக்கு 'துச்சார்சே' மட்டும் தந்திருப்பது பெரிய குறையன்று. மெக்சிகோவில் 'பன்யார்சே' என்பார்கள் என ஒரு வரி சேர்த்தால் போதும்.

எனினும், பாடத்தின் இறுதியில் வரும் உரையாடல், தமிழில் ஸ்பானியம் கற்பிக்க முனைபவர் எவரும் பெருமைப்படத்தக்கது. சமையலறையிலிருந்து தாய் அழைக்க, மகள் 'வோய்' என்கிறாள். 'இதோ வருகிறேன்' என்பது அதன் பொருள். மூன்று வரிகளுக்குப் பின் வாசலில் நின்று 'மே வோய்' என்கிறாள். 'கிளம்புகிறேன்' என்பது அதன் பொருள். அழைத்த இடத்தை நோக்கிச் செல்வதையும் இருக்கும் இடத்தைவிட்டு நீங்குவதையும் அந்த ஒரே 'மே' பிரித்துக் காட்டுகிறது. விளக்கக் குறிப்பு ஒன்றுகூடச் சேர்க்காமல், ஒரே காலைப்பொழுதில், ஒரே பெண்ணின் வாயில் இரண்டையும் வைத்த துணிவு, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமும் காணக் கிடைக்காதது. அவ்வுரையாடலில் இரண்டு பேர் இருப்பதையும் ஆசிரியர் கவனிக்கட்டும்.

அடுத்த பாடம் இறந்தகாலத்தைத் தொடங்குவதாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கேயும் அம்மகளையே வைத்து, அவள் எட்டு மணி நேரம் தூங்கினாள் என்பதற்கு 'துர்மியோ' என்றும், பதினொரு மணிக்குத் தூங்கிப்போனாள் என்பதற்கு 'சே துர்மியோ' என்றும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி, 'போ' என்னும் துணைவினை தமிழில் ஏற்றும் பொருளை மாணவரே கண்டுகொள்ள விட்டு, விளக்கத்தை மறுபக்கத்துக்குத் தள்ளிவைக்கலாம்.