நூல் நிலையமும் ஊர் மக்களும்

கொங்கு நாடு கிணற்றுப் பாசனத்துக்குப் பெயர்பெற்றது. பவானியும் நொய்யலும் அமராவதியும் பாய்ந்தாலும், ஆற்றங்கரைக்கு அப்பாலுள்ள ஊர்கள் பல, பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளை நம்பியே வாழ்ந்தன. இறைக்கிற கிணறே ஊறும் என்பது அவ்வூரார் பட்டறிவால் கண்ட உண்மை. நூல் நிலையத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

முற்காலத்தில் நூல்கள் பெரும்பாலும் செல்வர் மனைகளிலும் மடங்களிலுமே இருந்தன. எளியோர்க்கு அவை எட்டாக் கனியாயின. இந்நிலையை மாற்ற உழைத்தவருள் தலைசிறந்தவர், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். அவர் 1931-ஆம் ஆண்டில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி.

சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் இதுவே. கல்வி அமைச்சராக இருந்து இதனைக் கொணர்ந்தவர், திருப்பூரிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். இச்சட்டப்படி, சொத்து வரியுடன் நூலக வரியும் தண்டப்படுகிறது. ஆகவே, நூலகம் பிறர் அளித்த கொடையன்று, ஊராரின் உடைமை. தமக்கு வேண்டுவதை அங்கே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அவர்கள் வேண்டுவன யாவை? கோவை நகரில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், நெடுநேரம் அமைதியாக அமர இடம் வேண்டுவர். 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றித் தீங்கு விளைத்தது. அத்தகைய வேளையில் உழவர் நாடுவது, பூச்சியை அடையாளங்காட்டி மாற்று வழியை எளிய தமிழிற் கூறும் நூலை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர், தம் தாய்மொழியில் ஒரு நாளிதழையேனும் காண விரும்புவர். முதியோர்க்குப் பெரிய எழுத்து நூல்களும், பார்வையற்றோர்க்குப் புடையெழுத்து நூல்களும், பெண்களுக்குத் தூய கழிவறையும் தேவை.

இவற்றுள் நேரமே முதன்மையானது. பகல் முழுதும் ஆலையில் உழைத்த ஒருவர், மாலையில் நூலகத்துக்கு வந்து பூட்டிய கதவைக் காண்பாராயின், உள்ளே ஆயிரம் நூல்கள் இருந்தும் அவருக்கு ஒன்றும் இல்லை. இருமுறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வருதல் அரிது. வர இயலாதவரை நூலகமே தேடிச் செல்லுதலும் உண்டு. 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

ஊராரின் விருப்பங்கள் தம்முள் முரண்படுதலும் இயல்பே. தேர்வுக்குப் படிப்பவர் அமைதியை நாடுவர். குழந்தைகளோ கதையை உரக்கப் படித்து மகிழ்வர். ஒருவர் பொருட்டு மற்றவரை விலக்குதல் முறையன்று. தனி அறையோ, தனி நேரமோ வகுத்தால் இருவரும் பயன் பெறுவர். பொருளும் அளவுடையதே, எதனை முதலில் வாங்குவது என்பதை ஊரார் கூடிப் பேசித் தெளிதல் வேண்டும். நூலகங்களில் இயங்கும் வாசகர் வட்டங்கள் இதற்கு ஏற்றவை.

கேட்பார் இல்லையெனில், எவர்க்கும் வேண்டாத நூல்களே அடுக்கில் நிறையும்; வரியும் வீணாகும். ஆதலின் நூலகத்துக்குச் செல்லுதலும், வேண்டிய நூல் இல்லையாயின் அதன் பெயரை எழுதிக் கொடுத்தலும், பெற்ற நூலைக் காலத்தே திருப்பித் தருதலும் ஊரார் கடமையாகும். இறைப்பார் இல்லாத கிணறு பாசி படர்ந்து தூர்ந்துபோகும். நாள்தோறும் இறைக்கும் கிணறே ஊரைக் காக்கும்.