எட்டு வயது சான்றிதழுக்குத்தான்

"கொஞ்சம் வளரட்டும், தானா படிச்சுடுவான்." வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்படும் ஆறுதல் இது. அன்போடு சொல்லப்படுவதால் மறுத்துப் பேசவும் மனம் வருவதில்லை. இதற்குத் துணையாக ஒரு பாதி உண்மையும் உலவுகிறது: எட்டு வயதுக்கு முன் டிஸ்லெக்சியாவை, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாட்டை, பார்க்கவே முடியாது என்பது. அந்த எட்டு வயது எங்கிருந்து வந்தது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. சான்றிதழ் வழங்குவதற்கான நெறிமுறைகளை 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்டபோது, எட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கே சான்றிதழ், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை என்று வகுத்தது. அது சான்றிதழுக்கான வயது. பிள்ளைக்கு வாசிப்பில் எங்கே இடறுகிறது என்று பார்க்கவும், பார்த்ததை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கவும் எந்தச் சட்டமும் வயது வரம்பு வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால், உதவி நன்றாகப் பலிக்கக்கூடிய முதல் இரண்டு ஆண்டுகள் சும்மா கழிந்துவிடுகின்றன.

காத்திருந்தால் என்ன ஆகிறது என்பதைப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கோனி ஜூல் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒரே பள்ளியின் 54 பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை கவனித்தது. ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 88 விழுக்காடு. சின்ன ஆய்வுதான். ஆனால் கனெக்டிகட் மாநிலத்தில் 1983இல் தொடங்கி நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்த பெரிய ஆய்விலும், திணறுபவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி தானாக மூடிக்கொள்ளவில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பித்தால் பலன் கிடைக்கிறது என்றும், ஒன்றாம் வகுப்பிலோ அதற்கு முன்போ தொடங்கினால் கூடுதலாகக் கிடைக்கிறது என்றும் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை தந்தது. சில பிள்ளைகள் தாமாகத் தேறிவிடுவதும் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். எந்தப் பிள்ளை தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் மதிப்பீடு வேண்டும் என்கிறேன். ஒன்றுமில்லை என்று தெரியவந்தால் போவது ஓரிரண்டு காலைப்பொழுதுகள். இருப்பது தெரியாமலே போனால் பறிபோவது பள்ளிப் பருவம் முழுவதும்.

அடுத்தது, எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதினால்தான் டிஸ்லெக்சியா என்ற நம்பிக்கை. ஐந்தாறு வயதுவரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவது இயல்பு. இந்த அடையாளம் ஆங்கிலத்தின் சிறிய பி (b), டி (d) எழுத்துகளை வைத்து வந்தது. இடவலம் புரட்டினால் இன்னொரு எழுத்தாகிவிடும் அப்படிப்பட்ட இணை தமிழில் ஏறக்குறைய இல்லை. தமிழ் வாசிக்கும் பிள்ளையிடம் இதைத் தேடிக்கொண்டிருந்தால் உண்மையான அறிகுறிகள் கண்ணில் படாமல் போய்விடும். 'கொக்கு' என்ற சொல்லையே பாருங்கள். காதில் முதலில் 'க்' விழுகிறது, பிறகு 'ஒ'. கண்ணுக்கோ முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒலியும் எழுத்தும் வரிசை மாறி நிற்கும் இந்த இடத்தில் இடறுகிற பிள்ளை எல்லாப் பக்கத்திலும் இடறும். தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலித்தபடியே எழுதப்படுவதால் அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி ஒருவாறு படித்தும்விடும். ஆனால் 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து நினைவில் இருக்காது. ஜெர்மன் வாசிக்கும் ஆஸ்திரியப் பிள்ளைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1990களில் கண்டதும் இதுதான்: ஒலித்தபடி எழுதும் மொழிகளில் பிழையைவிட வேகக் குறைவே டிஸ்லெக்சியாவின் முகம். ஆகவே தமிழ்ப் பிள்ளையிடம் எத்தனை பிழை என்று மட்டும் எண்ணினால் போதாது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையை இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டும். "இங்கிலீஷ் மீடியம்தான் காரணம்" என்ற யூகம் சரியா என்பது அதில் தெரிந்துவிடும்.

நன்றாகப் பேசுகிற, கணக்குப் போடுகிற பிள்ளை படிக்க மறுப்பது சோம்பல்தான் என்பது இன்னொரு தீர்ப்பு. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். எண்களை எளிதாகப் படித்துவிடும் அவனுக்கு, எழுத்தால் எழுதிய சொற்களைப் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாக இருந்தால் பள்ளியில் இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்றார் அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் மதிப்பீட்டில் அறிவுத்திறன் சோதனையும் சேர்ந்திருக்கிறது. கண், காது இரண்டையும் முதலில் சோதித்துவிடுவார்கள். அது அவசியம். அதற்காக வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவை டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாகவே அறிவித்துவிட்டார்கள்.

பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமே என்ற பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுவரை கவலை நீள்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைமேல் ஏற்கெனவே ஒரு முத்திரை இருக்கிறது: மக்கு, அல்லது சோம்பேறி. அதையும் வெளியே சொல்லாமல் பெண் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். கனெக்டிகட் ஆய்வில் பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் ஆண் பிள்ளைகளே மிகுதி. ஆய்வாளர்கள் எல்லாரையும் சோதித்தபோது இருபாலாருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வகுப்பில் குறும்பு செய்கிற பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான், அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் படுவதில்லை.

மதிப்பீட்டுக்கு, பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கேட்டுத் தொடங்கலாம். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளை, சிவப்பு மையோடு அப்படியே, எடுத்துச் செல்லுங்கள். அங்கே பொருளில்லாத சொற்களைப் படிக்கச் சொன்னால் திகைக்க வேண்டாம். பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, விரலை வைத்து ஒப்பித்துவிடும் பிள்ளை அங்கேதான் பிடிபடும். 'கப்பல்' என்பதில் 'ப்' போனால் என்ன மிஞ்சும் என்றும் கேட்பார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் சான்றிதழ் வந்தபின் கிடைக்கும். முதலில் கைக்கு வரும் அறிக்கையில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் இருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்த ஒலியில், எந்த எழுத்துக்கூட்டில் இடறுகிறது, வகுப்பாசிரியர் அடுத்த வாரம் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.